பேட்ரிக் மெக்கில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்தப் பேட்ரிக் மெக்கில்?

அயர்லாந்தின் வடமேற்குக் கோடியில் இருக்கும் டொனெகல் மாவட்டத்தில், கிளென்டீஸ் என்ற சிற்றூர்ப் பக்கம் 1889-இல் பிறந்த கவிஞர், நாவலாசிரியர். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். பன்னிரண்டு வயதில் பண்ணைக் கூலியாக வீட்டை விட்டுப் போனார். பதினான்கில் கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்கு. இருபத்திரண்டை எட்டும்போது லண்டனில் பத்திரிகை நிருபர், இருபத்து நான்கில் பேர்பெற்ற நாவலாசிரியர். அப்புறம் முதல் உலகப் போரில் சிப்பாய். 1930-இல் அமெரிக்கா போனவர் திரும்பவில்லை. 1963 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரில் இறந்தார்.

நாட்டை விட்டுப் போன ஐரிஷ் எழுத்தாளர்கள் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருபவர்கள் ஜாய்ஸும் பெக்கெட்டும். அவர்கள் பட்டம் பெற்றவர்கள், எழுதுவதற்காகப் போனவர்கள். மெக்கிலை அவருடைய வீடு சம்பாதிக்க அனுப்பியது. அவர் எழுதியதில் எது நிலைக்கும் என்று கேட்டால், அந்த அனுப்பிவைத்தலைப் பற்றி எழுதியதுதான் என்பேன். பிள்ளையைப் பிழைக்க அனுப்பி, அவன் அனுப்பும் காசை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் வீட்டைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாக அந்தக் காலத்தில் எழுதியவர்கள் மிகக் குறைவு.

பன்னிரண்டு வயதுப் பையனை ஏன் வேலைக்கு அனுப்பினார்கள்?

மேற்கு டொனெகலில் நிலம் என்பது பாறைக்கும் சதுப்புக்கும் நடுவே கிடைத்த துண்டுகள். உருளைக்கிழங்கு கொஞ்சம், ஓட்ஸ் கொஞ்சம், ஒன்றிரண்டு மாடு. நிலக்கிழாருக்கு வாடகை கட்ட வேண்டும், கடைக்காரரிடம் வாங்கிய கடனை அடைக்க வேண்டும், கோயிலுக்கும் கொடுக்க வேண்டும். நிலத்திலிருந்து இவ்வளவும் வராது. பிள்ளைகளின் கூலியிலிருந்துதான் வரும்.

இதற்கென்றே ஆள்பிடிக்கும் சந்தைகள் இருந்தன. டைரோன் மாவட்டத்தின் ஸ்ட்ரபேன் ஊர்ச் சந்தை அவற்றில் பெரியது. மே மாதம் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை கூடும். மலைக்கு அப்பாலிருந்து பிள்ளைகள் நடந்து வந்து, கையில் துணி மூட்டையோடு தெருவில் நிற்பார்கள். மூட்டை இருந்தால் ஆள் வேலைக்குத் தயார் என்று அடையாளம். கிழக்கே நல்ல மண் வைத்திருந்த விவசாயிகள் வந்து, மாடு பிடிப்பது போலத் தோளையும் கையையும் அமுக்கிப் பார்த்து விலை பேசுவார்கள். ஒப்பந்தம் ஆறு மாதம். கூலி கடைசியில்தான். நடுவில் ஓடிப்போனால் அதுவும் போச்சு.

மெக்கில் பத்து வயது வாக்கில் பள்ளியை விட்டார். இரண்டு வருடம் கழித்து ஸ்ட்ரபேன் சந்தையில் நின்றார்.

ஸ்காட்லாந்தில் என்ன வேலை?

முதலில் உருளைக்கிழங்கு தோண்டுவது. டொனெகலிலிருந்தும் மேயோ மாவட்டத்தின் அகில் தீவிலிருந்தும் வருடா வருடம் ஆண்களும் பெண்களும் சிறுவர்களுமாகக் கூட்டங்கள் கிளம்பும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மேஸ்திரி. டெரி துறைமுகத்தில் கப்பல் ஏறி, தென்மேற்கு ஸ்காட்லாந்தில் தொடங்கி, பண்ணை பண்ணையாக நகர்ந்து, குளிர்காலம் வரும்வரை தோண்டுவார்கள். படுக்கை மாட்டுக் கொட்டகையிலோ களஞ்சியத்திலோ, வைக்கோல் மேல்.

அவருடைய முதல் நாவலான ‘சில்ட்ரன் ஆஃப் தி டெட் எண்ட்’ புத்தகத்தில் இந்த வேலை நெருக்கமாக வருகிறது. ஆண்கள் முன்னால் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டே போகிறார்கள். பெண்கள் பின்னாலேயே முழங்காலிட்டுத் தவழ்ந்து கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போடுகிறார்கள். மழை பெய்தாலும் நிறுத்தம் கிடையாது. நனைந்த பாவாடை சேற்றோடு கனத்து இழுபடுகிறது. தவழ்ந்து தவழ்ந்து வரும் பெண்களில் ஒருத்தி பதின்ம வயதுச் சிறுமி. அவளைத்தான் கதைசொல்லி நேசிக்கிறான்.

இந்தக் கொட்டகை வாழ்க்கை மெக்கில் எழுதிய பிறகும் மாறவில்லை. 1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிர்கின்டிலாக் ஊரில், பூட்டியிருந்த தங்குமிடத்தில் தீப்பிடித்து அகில் தீவைச் சேர்ந்த பத்து இளைஞர்கள் இறந்தார்கள். வயதில் சிறியவனுக்குப் பதின்மூன்று. அவர்களும் உருளைக்கிழங்கு பொறுக்கத்தான் வந்திருந்தார்கள். மெக்கிலின் முதல் நாவல் வந்து அப்போது இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அவரை ‘நேவ்விக் கவிஞர்’ என்கிறார்களே, அது என்ன?

கால்வாய் வெட்ட, ரயில் பாதை போட, அணை கட்ட என்று மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஊர் ஊராக அலைந்த கூலி ஆட்களை பிரிட்டனில் நேவ்வி என்பார்கள். மெக்கில் ஸ்காட்லாந்தின் கிரீனக் ஊர்ப் பக்கம் ரயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை செய்தார். அதற்கு முன்னும் பின்னுமாகக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ஆனால் அவர் எழுத்தில் பெரிதாக நிற்பது கின்லாக்லெவன்.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில், கின்லாக்லெவன் ஊரின் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுக்க பிளாக்வாட்டர் அணையை 1905 முதல் 1909 வரை கட்டினார்கள். தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் நீளம். பெரும்பாலும் கையால் செய்த வேலை. ஆயிரக்கணக்கான ஆட்கள் தகரக் குடிசைகளில் அடுக்குப் படுக்கைகளில் கிடந்தார்கள். பகலில் பாறைக்கு வெடி, இரவில் சீட்டாட்டமும் அடிதடியும். எதற்காக இதைக் கட்டுகிறோம் என்றுகூடத் தெரியாமல்தான் வேலை செய்தோம் என்று மெக்கிலின் கதைசொல்லி சொல்கிறான்.

அங்கே இன்றும் அணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடுகாடு இருக்கிறது. வெடியில் செத்தவர்கள், குளிர்காலத்தில் மலைக்கு அப்பாலிருந்த சாராயக் கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் பனியில் விறைத்தவர்கள் எல்லாம் அங்கே கிடக்கிறார்கள். கல்லறைக் கற்கள் கான்கிரீட்டில் வார்த்தவை. அதில் ஒன்றில் பெயருக்குப் பதிலாக, யாரென்று தெரியவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறது. மெக்கிலின் நாவலைப் படிக்குமுன் இந்த ஒரு கல்லைத் தெரிந்துகொண்டால் போதும், அவர் யாருக்காகக் கத்துகிறார் என்பது விளங்கிவிடும்.

பள்ளிப் படிப்பு இல்லாமல் எழுத்து எப்படி வந்தது?

கிடைத்ததையெல்லாம் படித்துத்தான். தண்டவாள வேலைக் காலத்தில் விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிஸராப்ள’ அவரைப் பிடித்து ஆட்டியது. வேலை நேரம் போக மீதி நேரத்தில் கவிதை எழுதினார், பத்திரிகைகளுக்கு அனுப்பினார். பிறகு ஒரு காரியம் செய்தார். ‘ஒரு நேவ்வியின் துணுக்கேட்டிலிருந்து’ என்ற பொருள்படும் தலைப்பில் தன் கவிதைகளைச் சொந்தச் செலவில் அச்சடித்து, கிரீனக்கில் வீடு வீடாகப் போய் விற்றார். பல ஆயிரம் பிரதிகள் போயின. கவிதைப் புத்தகத்துக்கு அன்றைக்கும் இன்றைக்கும் அது அசாதாரணமான விற்பனை. எழுதியவனே வாசலில் நின்று, காய்த்துப்போன கையால் நீட்டினால் யார்தான் மறுப்பார்கள்?

அது லண்டன் பத்திரிகைகளின் கண்ணில் பட்டது. 1911-இல் டெய்லி எக்ஸ்பிரஸ் அவரை வேலைக்கு எடுத்தது.

அரண்மனையில் வேலை பார்த்தாராமே, உண்மையா?

உண்மைதான். நிருபர் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குச் சிறுவயதில் ஆசிரியராக இருந்த ஜான் டால்டன் என்ற மதகுரு, விண்ட்சர் கோட்டையில் இருந்தார். அவர் மெக்கிலை அழைத்து, கோட்டைக்குள் இருந்த தேவாலயத்தின் நூலகத்தில் வேலை கொடுத்தார். மாட்டுக் கொட்டகை வைக்கோலில் படுத்த பையன் பத்து வருடத்துக்குள் மன்னரின் கோட்டைக்குள் குடியிருந்தான். நேவ்விகளைப் பற்றிய நாவலை அவர் எழுதியதும் அந்தக் காலத்தில்தான். வசதி வந்த பிறகும் அவர் கோபம் தணியவில்லை என்பதுதான் எனக்கு அவர் மேல் மதிப்பைக் கூட்டுகிறது.

‘சில்ட்ரன் ஆஃப் தி டெட் எண்ட்’ சுயசரிதையா, நாவலா?

இரண்டும்தான். 1914-இல் வெளிவந்தது. நேவ்வி ஒருவனின் தன்வரலாறு என்றுதான் துணைத்தலைப்பு. கதைசொல்லியின் பெயர் டெர்மட் ஃபிளின். சந்தையில் நிற்பது, கிழங்கு தோண்டுவது, நாடோடியாக அலைவது, கின்லாக்லெவன், லண்டன் பத்திரிகை என்று அவன் போகும் பாதை மெக்கில் போன பாதையேதான். நோரா ரயன் என்ற பெண்ணின் மேல் அவனுக்கு இருக்கும் காதல்தான் கதையின் சரடு. மோல்ஸ்கின் ஜோ என்ற முரட்டுச் சகா ஒருவன் வருகிறான். குடி, சண்டை, சூது எல்லாம் உண்டு, ஆனால் அவனைவிட நேர்மையான ஆள் அந்த நாவலில் இல்லை. வாசகர்களுக்கு அவனை அவ்வளவு பிடித்துப்போனதால் 1923-இல் அவன் பெயரிலேயே தனி நாவல் எழுதினார்.

புத்தகம் வந்த இரண்டு வாரத்தில் பத்தாயிரம் பிரதிகள் விற்றன. கூலிக்காரர்களின் வாழ்க்கையை வெளியாள் எட்டிப் பார்த்து எழுதிய புத்தகங்கள் அதற்கு முன் நிறைய உண்டு. உள்ளே இருந்து ஒருவன் பேசியது புதிது.

அதில் ரொம்பக் கசப்பான இடம் எது என்றால், மேஸ்திரியோ விவசாயியோ வரும் இடம் அல்ல. வீட்டிலிருந்து வரும் கடிதங்கள். ஒவ்வொரு கடிதமும் காசு கேட்கிறது. டெர்மட் அனுப்புகிறான், மறுபடியும் கேட்கிறது. ஒரு பருவம் முழுக்க உழைத்த கூலியைச் சூதில் தொலைத்துவிட்டு, வெறுங்கையோடு போக முகமில்லாமல் ஊருக்கே போகாமல் நின்றுவிடுகிறான். பெற்றவர்கள் தன்னை ஈன்றதே சம்பாதிக்கத்தானா என்ற கேள்வி அவனுக்குள் கிடந்து அரிக்கிறது. அவர்களும் வேறு வழியில்லாதவர்கள் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஆறவில்லை. வெளிநாட்டுக் கூலியில் ஓடும் குடும்பம் எந்த நாட்டிலும் வாய்விட்டுப் பேசாத விஷயம் இது. இருபத்து நான்கு வயதில் இதை அச்சில் வைத்தார் அவர்.

‘தி ராட் பிட்’ அதன் இரண்டாம் பாகமா?

அதே கதை, நோராவின் பக்கத்திலிருந்து. 1915-இல் வந்தது. என் பார்வையில் இதுதான் அவருடைய சிறந்த நாவல். முதல் நாவலில் நோரா தொலைவில் தெரியும் ஒரு முகம். இதில் அவள் குளிரை நாம் உணர்கிறோம்.

தொடக்கத்தில் டொனெகல் பெண்கள் நூல் வாங்கப் போகும் காட்சி வருகிறது. வீட்டில் காலுறை பின்னிக் கொடுத்தால் வியாபாரி பென்னிக் கணக்கில் கூலி தருவான். அந்த நூலை வாங்க நெடுந்தூரம் நடக்க வேண்டும். குறுக்கே கடல் கழிமுகம். நீர் வடியும்வரை காத்திருந்து, பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, குளிர்காலத் தண்ணீரில் இறங்கிக் கடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சிறுமி நோராவும் இருக்கிறாள். பிறகு ஸ்காட்லாந்து, கிழங்கு வயல், பண்ணைக்காரர் மகன் ஒருவனின் பசப்பு, கைவிடப்படுதல், குழந்தை, கிளாஸ்கோ தெரு. தலைப்பில் இருக்கும் ‘எலிக்குழி’ கிளாஸ்கோவில் ஏழைப் பெண்கள் இரவு தங்கிய ஒரு விடுதி.

நோரா கெட்டுப்போனவள் என்று ஊர் சொல்லும். காலுறைக் கூலியிலிருந்து கிளாஸ்கோ தெரு வரைக்கும் ஒரே கணக்கு ஓடுகிறது என்பதை மெக்கில் படிப்படியாகக் காட்டுகிறார். அவளை எங்கேயும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. 1915-இல் ஒரு கத்தோலிக்க ஊர்க்காரர் இதைச் செய்தார் என்பது சின்ன விஷயமில்லை.

சொந்த ஊரில் அவரை ஏன் வெறுத்தார்கள்?

ஊரின் இரண்டு தூண்களை அவர் விட்டுவைக்கவில்லை. ஒன்று பாதிரியார், இன்னொன்று கடன் கொடுத்து ஊரையே கைக்குள் வைத்திருந்த வியாபாரி. முதல் நாவலில் பாதிரியார் தனக்குப் பெரிய வீடு கட்டுகிறார், ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் அதற்கு வரி விழுகிறது. வீட்டுக்குள் கழிப்பறையும் உண்டாம். கழிப்பறை என்றால் என்ன என்றே தெரியாத மக்கள், கட்டாவிட்டால் பாவம் என்று பயந்து, பிள்ளைகளின் கூலியிலிருந்து கட்டுகிறார்கள்.

அன்றைய அயர்லாந்தில் நிலக்கிழாரைத் திட்டினால் கைதட்டுவார்கள். ஆங்கிலேயனைத் திட்டினாலும் சரி. நம் ஆளே நம் ஆளைச் சுரண்டுகிறான் என்றால் ஏற்க மாட்டார்கள். அதுவும் சுதந்திரத்துக்கான போராட்டம் சூடுபிடித்துக்கொண்டிருந்த நேரம். பிரசங்க மேடையிலிருந்தே அவருக்குக் கண்டனம் வந்தது.

போர் அனுபவம் அவரை எப்படி மாற்றியது?

1914-இல் லண்டன் ஐரிஷ் ரைஃபிள்ஸ் படையில் சேர்ந்தார். பிரான்ஸில் 1915 செப்டம்பர் 25 அன்று தொடங்கிய லூஸ் போரில் காயம்பட்டவர்களைச் சுமக்கும் ஆளாக இருந்தார். அவருடைய படையினர் தாக்குதலின்போது கால்பந்தை உதைத்துக்கொண்டே ஓடிய சம்பவம் பிரிட்டனில் பிரபலம். அடுத்த மாதம் அவரும் காயம்பட்டு ஊர் திரும்பினார். அதே ஆண்டு மார்கரெட் கிப்பன்ஸை மணந்தார். அவரும் நாவலாசிரியர். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

‘தி அமெச்சூர் ஆர்மி’, ‘தி ரெட் ஹொரைஸன்’, ‘தி கிரேட் புஷ்’ என்று மூன்று போர்ப் புத்தகங்கள் வரிசையாக வந்தன. மூன்றில் ‘தி கிரேட் புஷ்’ தான் கனமானது. துப்பாக்கியோடு ஓடுகிறவன் முன்னே மட்டும் பார்ப்பான். தூக்குபடுக்கையோடு போகிறவன் குனிந்து ஒவ்வொரு உடலாகப் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணால் எழுதிய புத்தகம். மனிதர்களைக் கொன்று முடமாக்கித்தான் ஒரு நியாயம் நிலைக்கும் என்றால், துப்பாக்கிக்கத்தியோடு பாய்ந்து மீண்டவனுக்கு அந்த நியாயத்தின் மேலேயே சந்தேகம் வரும் என்று முன்னுரையில் சொல்கிறார். போர் நடந்துகொண்டிருந்த 1916-இல், சீருடையில் இருந்தபடி சொன்னது இது.

பிற்பாடு ராணுவத்தின் பிரச்சாரப் பிரிவிலும் அவரை எழுத வைத்தார்கள். அந்தப் பக்கங்களில் எனக்குச் சுவாரசியம் இல்லை.

கவிஞராக அவர் எப்படி?

நேர்மையாகச் சொன்னால், உரைநடைக்கு ஒரு படி கீழேதான். ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் தாளம் பல இடங்களில் கேட்கிறது. தொழிலாளிகள் சேர்ந்து பாடும் பாட்டு மெட்டு, பளிச்சென்ற எதுகை, சத்தமான கோபம். ‘சாங்ஸ் ஆஃப் தி டெட் எண்ட்’ தொகுப்பை வாய்விட்டுப் படித்தால் நன்றாக இருக்கும், மௌனமாகப் படித்தால் சில கவிதைகள் தட்டையாகத் தெரியும்.

1917-இல் வந்த ‘சோல்ஜர் சாங்ஸ்’ வேறு ரகம். சத்தம் இறங்கியிருக்கிறது. லூஸ் போருக்குப் பின் எழுதிய கவிதையில், முன்பு தோழர்களோடு உட்கார்ந்த பிரெஞ்சு ஊர்க் காப்பிக் கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் சிலர்தான். ‘மேட்டி’ என்ற இன்னொன்று, செத்துக் கிடக்கும் நண்பனிடம் பேசும் சின்னக் கவிதை. மெக்கிலின் கவிதையில் ஒன்றிரண்டு மட்டும் படிக்க நேரமிருந்தால் இவற்றைப் படியுங்கள்.

ஏன் அமெரிக்கா போனார்? ஏன் மறந்துபோனார்கள்?

1920-களில் அவர் தொடர்ந்து எழுதினார், ஆனால் விற்பனை இறங்கியது. 1930-இல் ‘சஸ்பென்ஸ்’ என்ற அவருடைய போர் நாடகம் லண்டனில் மேடையேறியது, படமாகவும் எடுத்தார்கள். அதே ஆண்டு நியூயார்க்கிலும் போட்டார்கள். சில நாட்களிலேயே நின்றுவிட்டது. குடும்பத்தோடு அமெரிக்கா போயிருந்தவர் அங்கேயே தங்கினார். பொருளாதார வீழ்ச்சிக் காலம். கையில் காசு நிற்கவில்லை. நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயும் வந்து சேர்ந்தது. 1937-இல் ‘ஹெலன் ஸ்பென்சர்’ வந்தது. அதுதான் கடைசி நாவல். அதற்குப் பின் இருபத்தாறு வருடம் உயிரோடு இருந்தார்.

அவரை உரிமை கொண்டாட யாரும் இல்லை. சுதந்திர அயர்லாந்துக்கு அவர் பிரிட்டிஷ் சீருடை போட்டவர், பாதிரியாரைத் திட்டியவர். பிரிட்டனுக்கு அவர் ஒரு காலத்துப் பரபரப்பு. இலக்கியத் துறைகளுக்கு அவர் நடை போதுமான அளவு நவீனமாக இல்லை. இதில் அவர் பங்கும் உண்டு. பிற்கால நாவல்கள் பலவும் முந்தியவற்றின் நிழல்கள்தான். அதற்காக முதல் இரண்டு நாவல்களையும் சேர்த்துப் புதைத்தது நியாயமில்லை.

ஊர் பிறகாவது ஏற்றுக்கொண்டதா?

ஏற்றுக்கொண்டது. 1981 முதல் கிளென்டீஸில் அவர் பெயரில் கோடைப் பள்ளி நடக்கிறது. அயர்லாந்தின் அமைச்சர்களும் பொருளாதார அறிஞர்களும் வந்து நாட்டு நடப்பை விவாதிக்கும் பெரிய மேடையாகவே அது வளர்ந்துவிட்டது. எண்பதுகளில் நாவல்கள் மறுபதிப்பும் கண்டன. ஆனால் பள்ளியின் பெயரை அறிந்தவர்கள் எல்லோரும் புத்தகத்தைப் படித்தவர்கள் என்று சொல்ல முடியாது.

எதிலிருந்து தொடங்கலாம்? தமிழில் மொழிபெயர்க்கலாமா?

‘சில்ட்ரன் ஆஃப் தி டெட் எண்ட்’ முதலில், உடனே ‘தி ராட் பிட்’. வரிசையை மாற்ற வேண்டாம். டெர்மட்டுக்குத் தெரியாமல் போனது என்னென்ன என்று நோராவின் பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. அப்புறம் ‘தி கிரேட் புஷ்’. மூன்றும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து அறுபது வருடம் வரைதான் பதிப்புரிமை. மெக்கில் 1963-இல் இறந்ததால் 2023 டிசம்பரோடு அது முடிந்துவிட்டது. ஆகவே இந்தியாவில் யாரும் அனுமதி கேட்காமல் மொழிபெயர்த்து வெளியிடலாம். இலங்கையிலும் பிரிட்டனிலும் எழுபது வருடக் கணக்கு என்பதால் அங்கே வெளியிட 2034 வரை பொறுக்க வேண்டும். செய்ய நினைப்பவர்கள் ‘தி ராட் பிட்’ நாவலின் அந்தக் கழிமுகக் காட்சியை முதலில் செய்து பாருங்கள். அந்தப் பெண்களின் பேச்சு தமிழில் சரியாக அமைந்துவிட்டால் மீதி நாவலைத் துணிந்து எடுக்கலாம்.